முத்துச்செல்வி வார்டுக்குப் போனது

முத்துச்செல்வி நர்ஸிங் இரண்டாம் ஆண்டில் கால் வைத்த நேரம், கொரோனா வந்து தண்டலம் பக்கத்துக் கல்லூரி விடுதியைப் பூட்ட வைத்துவிட்டது. சொந்த ஊரான திசையன்விளைக்குப் போகப் பஸ் இல்லை. ஒரகடத்தில் ஃபேக்டரி வேலை பார்த்த அக்கா பேச்சியின் வாடகை அறைதான் கதி. அங்கே அக்காவோடு கவியா என்ற பெண்ணும் தங்கியிருந்தாள்.

அரிசி டப்பாவில் செல்போனைச் சாய்த்துவைத்து முத்துச்செல்வி வகுப்பைக் கவனிப்பாள். படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமலே விரிப்பு மாற்றுவது எப்படி என்று ஒருநாள் வீடியோ காட்டினார்கள். பார்க்கச் சுலபம்தான், கைக்கு வர வேண்டுமே! நைட் ஷிஃப்ட் முடிந்து மரக்கட்டையாகக் கிடந்த அக்காவை ஒருக்களித்துப் புரட்டி, விரிப்பைப் பாதி உருவினாள்.

“ஏட்டி, என்னைய ஏன் பாய் மாதிரி சுருட்டுத?”

“பேசாம கெட, அக்கா. நீ பேஷண்டு.”

“பேஷண்டுக்குத் தூக்கம் வருது” என்று மறுபக்கம் தானே உருண்டுகொடுத்தாள் பேச்சி.

இரண்டாம் அலையில் கவியாவுக்குக் காய்ச்சல் கண்டது. டெஸ்டில் பாசிட்டிவ். அழைத்துப்போக வேன் வந்து நின்றது. துணிப்பையை எடுத்துக் கொடுக்கப் போன முத்துச்செல்வியின் கை பாதியில் நின்றுவிட்டது. பையைத் தரையில் வைத்துக் காலால் தள்ளினாள். கவியா குனிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

கவியா தேறித் திரும்பிவிட்டாள். “அன்னைக்கு யாருக்குத்தான் பயமில்ல? நானே என்னையத் தொடப் பயந்தேன்” என்று சிரித்தாள். முத்துச்செல்விக்குத்தான் ஆறவில்லை. சோறு இறங்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டு வகுப்பு நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். தேர்வில் பாஸ் என்று வந்தபோதும், அது வேறு யாருடைய மார்க்கோ போல இருந்தது.

கல்லூரி திறந்ததும் வார்டுக்கு அனுப்பினார்கள். பக்கவாதத்தில் படுத்திருந்த கிளியம்மாளுக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். கையுறை மாட்டி வெந்நீரோடு கட்டிலருகே போய் நின்றவளுக்குக் கை எழவில்லை. துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். குன்றத்தூர் மெர்சி. ஆன்லைன் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்பவள்.

“என்னாச்சு மெர்சி?”

“நாடி கெடைக்கல முத்து. புக்குல இருக்கறது எல்லாம் தெரியும். அந்தத் தாத்தா கையப் புடிச்சா எனக்கே நெஞ்சு அடிச்சிக்குது. எது அவரோடது, எது என்னோடதுன்னு தெரில. சிரிக்காத.”

“சிரிக்கல. எனக்கு ஆளத் தொடவே கை வரல.”

அதுவரை வெளியாள் யாரிடமும் சொல்லாத அந்தப் பை விஷயத்தைச் சொன்னாள். மெர்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு மணிக்கட்டை நீட்டினாள்.

“மொதல்ல என்னுதப் பாரு. அப்பால நான் உன்னுதப் பாக்கறேன்.”

முத்துச்செல்வி கையுறையைக் கழற்றிவிட்டு விரல் வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே நாடி குருவிக்குஞ்சுபோலத் துடித்தது. மெர்சியும் பதிலுக்கு அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கை கழுவி, புதுக் கையுறை மாட்டி, இருவரும் சேர்ந்தே கிளியம்மாளிடம் போனார்கள்.

“இன்னாம்மா, ரெண்டு பேரா வந்துகீறீங்க? நான் இன்னா அம்மனா, அபிஷேகம் பண்றதுக்கு?” என்று கோணிய வாயால் குழறினாள் கிளியம்மாள்.

மெர்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு முத்துச்செல்வி கிளியம்மாளின் நெற்றியில் துணியை வைத்தாள். முகம், கழுத்து, பிறகு விளங்காத கை. அதைத் தன் உள்ளங்கையில் ஏந்தி விரலிடுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றி எடுத்தாள். கிளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்கு வந்து இன்னிக்குத்தான் உடம்பு உடம்பா கீது.”

பயம் அன்றே ஓடிவிடவில்லை. வெகுநாள் இருவரும் ஜோடியாகத்தான் கட்டில் கட்டிலாகப் போனார்கள். டியூட்டர் கண்டும் காணாமல் விட்டார். பிறகொரு நாள் மெர்சி லீவு. ஒரு நோயாளிக்குத் தலைவாரி, உடம்பு துடைத்து, உடை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான், பக்கத்தில் யாருமில்லை என்பது முத்துச்செல்விக்கு உறைத்தது.