கி.செ. என்று எழுதச் சொன்ன போர்டு

பிள்ளைகளா, அப்பா வேங்கிக்காலில் பேனர் கடை வைத்திருக்கிறேன். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1. ஆர்டர்

அடி அண்ணாமலையிலிருந்து குமார் என்பவர் வந்தார். அவர் மனைவி செல்வியைக் கட்சியில் கிளைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அந்த ஊரில் ஒரு பெண் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுதான் முதல் முறை. வீட்டு வாசலுக்கு போர்டு கேட்டார்.

"என் போட்டோவ பெருசா போடுங்க. அவ போட்டோ ஓரமா, ஸ்டாம்ப் சைஸ்ல. பேருக்கு அடியில கி.செ.னு போட்டா போதும்."

"பொறுப்பு அவங்களுதுங்களே?"

"ஊர்ல என்னைத்தாங்க கி.செ.னு கூப்பிடுறாங்க!"

எங்கள் தொழிலில் இது புதிதில்லை. பொறுப்பில் மனைவி இருப்பார், பேனரில் கணவர் நிற்பார். கேட்டபடியே டிசைன் செய்தேன்.

2. இடம்

மறுநாள் ப்ரூஃப் பார்க்க இருவருமே வந்தார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் செல்வியின் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, குழாய்ல தண்ணி வரலன்னா பொம்பளைங்க என்கிட்ட வந்து சொல்லணும்னுதான் போர்டே. இதப் பாத்தா இவரத் தேடி டீக்கடைக்குப் போவணும். கூச்சப்பட்டுக்கினு சொல்லாமலே திரும்பிடுவாங்க. அதென்ன கி.செ.? பக்கத்து வீட்டு அக்காவுக்கே புரியல."

நான் தொழில் கற்றுக்கொண்டபோது பார்த்ததைச் சொன்னேன். அன்று எல்லாம் சுவர் விளம்பரம். தலைவர் பெயரே முக்கால் சுவரைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் வர வேண்டும். அதனால் மாவட்டச் செயலாளரை மா.செ. என்றும், ஒன்றியச் செயலாளரை ஒ.செ. என்றும், கிளைச் செயலாளரை கி.செ. என்றும் சுருக்கி எழுதுவோம். சுவரில் இருந்தது பேச்சிலும் ஒட்டிக்கொண்டது.

"இடம் கம்மின்னுதானே சுருக்கினீங்க? இவரு போட்டோவ எடுத்துடுங்க, இடம் ஜாஸ்தியா கெடைக்கும்."

"அப்ப நான் எங்கடி போறது?" என்றார் குமார்.

"நீங்க ஹால்ல மாட்டிக்கோங்க. நான் வேணாங்கல."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குமாரும் தலையைச் சொறிந்துகொண்டே, "போடுங்க, அவ சொல்றாப்பலயே போடுங்க" என்றார்.

3. வாசலில்

'செல்வி, கிளைச் செயலாளர். தண்ணீர், தெருவிளக்கு, ரேஷன் குறைகளைச் சொல்லலாம்.' போர்டை நானே போய் மாட்டினேன். ஏணியை விட்டு இறங்குவதற்குள் ஒரு பெண் காலிக் குடத்தோடு வந்து நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என்னம்மா, என்ன வேணும்?" என்றார் குமார்.

"நீங்க இல்லீங்க. அக்காவ கூப்பிடுங்க."

குமார் உள்ளே திரும்பி, "செல்வி, ஒன்னத் தேடி வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இரண்டு எழுத்து போதும், பிள்ளைகளா. உதவி தேடி வருகிறவர்களுக்கு முழுதாகத்தான் எழுத வேண்டும். இப்போதெல்லாம் யார் ஆர்டர் கொடுத்தாலும், "இத யாருங்க படிக்கணும்?" என்று கேட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குகிறேன்.