கழுவாத பெல்ட்

கயிற்றில் தொங்கியபடி உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைப்பது அவன் வேலை. கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘சர்க்கரை’. நோய் நொடி ஒன்றும் கிடையாது. எந்த மாடியில் தேன்கூடு இருந்தாலும் முதல் கொட்டு அவனுக்குத்தான். பக்கத்துக் கயிற்றுக்காரன் பாட்டுப் பாடிக்கொண்டே துடைப்பான். இவன் பன் மாதிரி உப்பிய முகத்தோடு கீழே இறங்குவான். பட்ட காலிலே படும் என்று சொன்ன மகராசன் இவனைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

காரணம் சொல்ல ஆளா இல்லை? “ரத்தம் இனிப்புடா உனக்கு” என்றான் பெயின்டர். “குளிச்சாத்தானே!” என்றார் வாட்ச்மேன். மனைவி வாசனை சோப்பை நிறுத்தினாள், கறுப்புச் சட்டைகளைப் பரணில் ஏற்றினாள். கொட்டு நின்றபாடில்லை. தன் உடம்பு வாகே அப்படி என்று கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான்.

யாரும் சந்தேகப்படாத பொருள் ஒன்று இருந்தது, அவனுடைய இடுப்பு பெல்ட். ஒருமுறை தொங்கும் கயிறு அறுந்தபோது, காப்புக் கயிற்றில் மாட்டியிருந்த அந்த பெல்ட்தான் அவனை அந்தரத்தில் பிடித்து நிறுத்தியது. உயிர் காத்த பெல்ட்டைத் துவைத்தால் ராசியும் தண்ணீரோடு போய்விடும் என்பது கயிற்றுக்காரர்களின் நம்பிக்கை. மனைவி ஒருநாள் அதை வாளியில் போடப் போனாள். பாய்ந்து பிடுங்கினான். “அதைத் தொடாத! வேணும்னா என்னைத் துவை.”

பிறகு மனைவியின் தம்பியும் அதே வேலைக்கு வந்தான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். “அவனை உங்க கையில குடுத்திருக்கேன். அவனுக்கு ஒன்னுன்னா நான் தாங்க மாட்டேன்” என்றாள். அன்றிலிருந்து சர்க்கரைக்குத் தன் கயிற்றைவிட மைத்துனனின் கயிற்றின் மேல்தான் கண்.

பெரிய கட்டடம் ஒன்றில் இறங்க வேண்டிய நாளில், மொட்டைமாடி விளிம்பில் நின்ற மைத்துனன் கீழே எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். சர்க்கரை தன் பெல்ட்டைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டிவிட்டு, அவனுடையதைத் தான் மாட்டிக்கொண்டான்.

“மாமா, இது உங்க ராசி பெல்ட்டாச்சே!”

“அதனாலதான்டா மச்சான் தர்றேன். உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”

பாதி உயரம் இறங்கியதும் அந்த இரைச்சல் கேட்டது. சர்க்கரைக்குப் பழகிய சத்தம். கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் கொட்டுக்குக் காத்திருந்தான். எதுவும் அவனைத் தொடவில்லை. கண்ணைத் திறந்தால், மைத்துனனின் இடுப்பைச் சுற்றித் தேனீக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. “கையை வீசாதடா!” என்று கத்தினான். கேட்கிற நிலையில் அவன் இல்லை. மேலே இருந்தவர்கள் இரண்டு கயிறுகளையும் அவசரமாகத் தளர்த்தினார்கள். கீழே வந்தபோது மைத்துனனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு உன்னை விட்டுடுச்சே! உனக்கு நல்ல காலம்தான்” என்றார் வாட்ச்மேன். சர்க்கரைக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில், அறுத்து எடுத்த பெல்ட்டை டாக்டர் வெளியே கொண்டுவந்தார். “இதுக்கு முன்னாடியும் கொட்டியிருக்கா? பழைய கொடுக்கெல்லாம் இதுல சிக்கியிருக்கு. தேனீ கொட்டுற இடத்துல ஒரு வாசம் விடும், மத்ததும் அங்கேயே வரும். இதைத் துவைக்கிறதே இல்லையா?”

“அப்போ இத்தனை நாளா இதுதானா சார்?”

“இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது.”

“பையன் பொழைச்சுக்குவானா?”

“தொண்டை ரொம்ப வீங்கியிருக்கு. பார்க்கலாம்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இத்தனை நாளும் உடம்பைப் பழித்தவனுக்கு இப்போது அந்த உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

மனைவி ஓடி வந்தாள். அவன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். “உங்களுக்கு ஒன்னும் ஆகலையே?” அப்புறம்தான் அவன் மடியிலிருந்த பெல்ட்டைக் கண்டாள். “இதையா அவனுக்குக் கட்டிவிட்டீங்க? உங்க உசுரையே குடுத்திருக்கீங்களே! இது இருந்ததாலதான் அவனுக்கு இன்னும் மூச்சு ஓடுது.” உடைந்து அழுதவள், ஒரு கையை அவன் கன்னத்திலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள்.

பாய்ந்து பிடுங்கினான். “அதைத் தொடாத.”

“ஏங்க?”

“இதுதான் அவனைக் கொட்ட வச்சது. நான்தான் கட்டிவிட்டேன்.”

அவள் அவனையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வீங்காத அந்தக் கன்னத்திலிருந்து அவள் கை மெல்ல இறங்கியது.