கன்னத்தில் ஓடிய வண்ணம்

கும்பிட்டு நிற்கும் கூட்டத்திடம், "நீங்கள் பார்ப்பது அதிசயமில்லை, என் கைப்பிழை" என்று சொல்வது கருணையா, கொடுமையா? எனக்கு விடை தெரியாது. அமலதாஸ் சேர் இறந்துவிட்டார் என்று பாடசாலை அதிபர் தொலைபேசியில் சொன்னபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் மனதில் வந்தது இந்தக் கேள்விதான்.

அவரை அறிந்தவர்களுக்கு, காற்றழுத்தத்தால் வண்ணம் விசிறும் அவருடைய எயார்பிரஷ்ஷும் தெரிந்திருக்கும். எங்கள் பாடசாலையில் சித்திரம் கற்பித்தார். விடுமுறைகளில் கோயில்களில் மாதா, புனிதர் சுரூபங்களுக்கு முகம் தீட்டினார். ஆசிரியர் அறையில் அவருக்கும் இரசாயனம் கற்பிக்கும் எனக்கும் ஒரே மேசை. பெயின்றில் தின்னரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்து, கோப்பையைச் சரித்துப் பார்ப்பார். உட்சுவரில் பால்போல வழிந்து மெல்லிய படலம் விட்டால்தான் விசிறத் தொடங்குவார். "தடிச்சால் அடைக்கும், தண்ணியானால் ஓடும். நடுவில நிக்கிறதுதான் பாடு, ரீச்சர்" என்பார்.

போன வருடம் கொடியேற்றத்துக்கு முதல்நாள். சோளகக் காற்று ஈரத்தோடு வீசியது. மாதாவின் முகத்தில் எந்தப் பூச்சும் காயவில்லை. முகம் முடியும்வரை சனம் பார்க்கக்கூடாது என்பது ஊர் வழக்கம்; அதனால் பீடத்துக்கு முன்னால் திரை கட்டியிருந்தது. திரைக்குள்ளே நான் சேருக்கு உதவியாக நின்றேன்; திருவிழாக் குழுத் தலைவர் அவரை அவசரப்படுத்திக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் தின்னர் விடுங்கோ சேர், கெதியாக் காயும்."

"காயும். அதுக்கு முதல் ஓடும்."

"பங்குச் சுவாமி கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனார்."

சேர் தின்னரை ஊற்றினார். அன்று கோப்பையைச் சரித்துப் பார்க்கவில்லை.

விசையை அழுத்தியதும் மாதாவின் கண்ணுக்குக் கீழே வண்ணம் திரண்டு, மினுங்கியபடி கன்னத்தில் இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரையைத் தூக்கியது. வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த பிலோமினாக்கா அலறினார்.

"ஐயோ, மாதா அழுறா! என்ர பிள்ளை கடலில நிக்கிறான்!"

கோயில் நிறைந்தது. பெண்கள் முழங்காலில் நின்றார்கள். "கடலில நிக்கிற போட்டுகளைக் கூப்பிடுங்கோ" என்று யாரோ கத்தினார்கள். தலைவர் சேரின் கையைப் பிடித்தார்.

"பேசாம இருங்கோ. இந்தமுறை திருவிழாக்குச் சனம் அள்ளும்."

சேர் என்னைப் பார்த்தார். "சொன்னால் அடிக்க வருவினம், ரீச்சர்."

"வருவினம்" என்றேன்.

கோப்பையோடு திரைக்கு வெளியே போனார்.

"அழுதது மாதா இல்லை. தின்னர் கூடிப்போச்சு. பிழை என்னுடையது."

பிலோமினாக்கா எழுந்து அவருக்கு நேரே வந்தார். "அவ அழுதவ! நீர் வாயை மூடும்!"

சேர் கோப்பையைச் சரித்தார். பெயின்ற் தண்ணீராக ஓடி நிலத்தில் விழுந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. போகும்போது ஒருவர் அவர் காலடியில் துப்பினார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது கோப்பையின் அந்தச் சரிவைத்தான். பரிசோதனையில் நான் விரும்பிய முடிவே கிடைக்கும்போது, அதையும் இன்னொருமுறை சரித்துப் பார்க்கிறேன்.

மறுநாள், கொடியேற்றத்தன்று, நடந்தது இது. சேர் வண்ணம் ஓடிய அந்தக் கோட்டைத் தேய்த்து, மெல்லிய பூச்சுகளாக முகத்தை முடித்திருந்தார். போட்டுகள் எல்லாம் கரைக்கு வந்திருந்தன. பிலோமினாக்கா மகனோடு வந்து, கைலேஞ்சியால் மாதாவின் கன்னத்தைத் துடைத்தார்.

"தொடாதேங்கோ அக்கா, இன்னும் காயேல்லை."

லேஞ்சியில் நிறம் ஒட்டியிருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓம் சேர், பெயின்ற்தான்" என்றார். பிறகு அதை உதட்டில் வைத்து முத்தி செய்து, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.