பஸ்மியாவின் காதில் விழுந்த மூச்சு

கிண்ணியாத் துறையில் மீன் ஏலம் கூறுகிற முத்தலிப்புக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை. வள்ளம் கரை தட்டியதும் குவியலுக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாரென்றால், கேட்ட விலையெல்லாம் ஒரே மூச்சில் அவர் வாயிலிருந்து உருண்டு வரும். அந்த மனிசன்தான் ஒரு நாள் காலையில் மீன் பெட்டிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஹார்ட் அட்டாக். திருகோணமலைக்குக் கொண்டுபோய், அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டு, உயிரைத் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "இனிப் பயமில்ல" என்றார்கள். அவர் மனைவி பஸ்மியாவும் அப்படித்தான் நம்பினாள்.

ஆனால் சில நாட்களில் அவருக்கு ஒரு தலையணை போதாமல் போனது. பிறகு இரண்டும் போதவில்லை. கடைசியில் கட்டிலை விட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தபடி தூங்கினார். கேட்டால் "வயித்துக் காத்து" என்பார். விட்டு விட்டு இருமலும் வந்தது.

ஒரு மத்தியானம் புல்மோட்டையில் படிப்பிக்கிற மகள் இன்ஷிரா தொலைபேசியில் கூப்பிட்டாள். பஸ்மியா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நான்... நல்லா... இருக்கன்..." என்றார் முத்தலிப்.

பஸ்மியாவின் கை நின்றுவிட்டது. ஒரு வள்ளத்து மீனை ஒரே மூச்சில் விற்கிற ஆள், மூன்று சொல்லுக்கு மூன்று தரம் மூச்சு வாங்குகிறார்! தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு ஓடிவந்து அவர் காலடியில் குந்தினாள். முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிசைந்த மாவில் அழுத்தினதுபோலக் குழி விழுந்தது. விரலை எடுத்தபிறகும் அது மேலே வரவில்லை.

"இது என்ன?"

"நடந்தது கூடிப் போச்சு, புள்ள."

"வீட்டுக்குள்ள எங்க நடந்தீங்க? கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

"கொஞ்சம் படுத்தாச் சரியாப் போகும்."

"படுக்க விடமாட்டன்!" என்றாள். கால் இரண்டையும் தொங்கவிட்டுக் கதிரையில் நிமிர்த்தி இருத்திவிட்டு 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தாள். "போன மாசம் ஹார்ட் அட்டாக் வந்த ஆள். கால் வீங்கியிருக்கு. படுக்க ஏலாது, கதைக்க மூச்சு காணாது. கெதியா வாங்க." விலாசத்தை இரண்டு தரம் சொன்னாள்.

அம்புலன்ஸ் திருகோணமலைக்குப் போகிற பாலத்தைக் கடந்தபோது முத்தலிப்பின் உதடு நீலம் பாரித்திருந்தது.

வார்டில் ஒட்சிசன் கொடுத்து ஊசி போட்டார்கள். சிறுநீராகத் தண்ணீர் இறங்க இறங்க அவர் முகத்தில் உயிர் வந்தது. டொக்டரம்மா பஸ்மியாவைக் கூப்பிட்டு, "அட்டாக் வந்ததால இதயத் தசை பலவீனமாயிட்டுது. இரத்தத்தைச் சரியாத் தள்ள ஏலாம நுரையீரல்ல தண்ணி தேங்கியிருக்கு. நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க," என்றார். பிறகு முத்தலிப் பக்கம் திரும்பி, "போன தரம் தந்துவிட்ட, தண்ணி இறங்கிற குளிசை ஒழுங்காப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

முத்தலிப் கூரை முகட்டைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "பள்ளியில ஜும்ஆத் தொழுகைக்கு முன்வரிசையில இருந்தனான். குத்பாப் பிரசங்கம் நடக்கக்குள்ள ரெண்டு தரம் ஒண்டுக்குப் போக எழும்ப வேண்டி வந்திச்சு. வெக்கமாப் போச்சு. அண்டையோட குளிசையை விட்டுட்டன்."

டொக்டரம்மா சிரிக்கவில்லை. "எங்களிட்டச் சொல்லியிருந்தா நேரத்தை மாத்தித் தந்திருப்பமே. வெள்ளிக்கிழமையில தொழுதுட்டு வந்து போடுங்க. ஆனா ஒரு குளிசையையும் நீங்களா நிப்பாட்டக் கூடாது."

இவ்வளவுதானா! பஸ்மியாவுக்கு ஏசவும் வேண்டும் போல, சிரிக்கவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது.

வீடு திரும்பியதும், உப்புக் கூடாதென்று கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் குசினிக் கதவு அடைபட்டது. தினமும் காலையில் நிறை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். வீட்டில் தராசு இல்லை. துறையிலோ சூரை மீன் நிறுக்கிற பெரிய மேடைத் தராசு இருந்தது. முத்தலிப் அதில் ஏறி நின்றார்.

"காக்கா இண்டைக்கு எவ்வளவு?" என்று, அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, லிங்கநகரிலிருந்து மீன் எடுக்க வருகிற தவராசா கத்துவார். "வெட்டித் துண்டு போட்டுத் தருவீங்களா?" என்று இன்னொருத்தர் கேட்பார். துறையே சிரிக்கும்.

ஒரு கலியாண வீட்டுப் புரியாணிக்குப் பிறகு தராசின் முள் எகிறியது. அன்று யாரும் சிரிக்கவில்லை. தவராசா தன் வானிலேயே அவரைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போனார். குளிசையின் அளவை மாற்றிக் கொடுத்தார்கள். வார்டில் படுக்க வேண்டி வரவில்லை. மத்தியானச் சோற்றுக்கு மனிசன் வீட்டில். பஸ்மியா அன்றைக்குத்தான் முதன்முதலாக நெஞ்சை நிமிர்த்தினாள்.

மாதங்கள் போயின. நடை கூடியது, வீக்கம் வரவில்லை. ஸ்கேன் பார்த்த டொக்டரம்மா, "இனி ஏலம் கூறலாம். களைச்சா கதிரையில இருந்திடுங்க," என்றார். அன்று பஸ்மியாவும் துறைக்குப் போனாள். முதல் குவியலில் குரல் ஒருமுறை அறுந்தது. முத்தலிப் நின்றார், ஆறுதலாக மூச்செடுத்தார், மறுபடி தொடங்கினார். மூன்றாவது குவியலில் பழைய முத்தலிப் வந்துவிட்டார். வாங்க வந்தவர்கள் விலை கேட்க மறந்து கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது தவராசா பஸ்மியாவிடம் வந்தார். "அக்கா, என்ட அண்ணனுக்கும் போன வருசம் அட்டாக் வந்தது. இப்ப கால் வீங்கியிருக்கு, கதிரையிலதான் தூங்கிறார். காத்தெண்டு சொல்றார்."

"காத்தா?" பஸ்மியாவின் குரல் துறை முழுக்கக் கேட்டது. "மீனை விடுங்க! இப்பவே போய் அவரை ஏத்துங்க!"

தவராசா வானை நோக்கி ஓடினார்.

மறுநாள் வார்டிலிருந்து அவர் அண்ணன் தானே பஸ்மியாவுக்குத் தொலைபேசி எடுத்தார். நன்றி சொன்னார், ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறை சொன்னார், தம்பியின் வானோட்டத்தை ஏசினார். இடையில் ஒரு தரம்கூட மூச்சு வாங்கவில்லை.