கால் இறுதிக்குப் பிந்தி வந்த கேப்டன்

விண்ணரசி ஏன் அந்த வேனிலிருந்து இறங்கினாள்? பூண்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கபடி மைதானத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. என்னிடமும் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

விண்ணரசிக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கோயிலில் பூசை நடக்கும்போதும் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் அப்பா லூர்துராஜ் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். "இந்தக் காலை எஞ்சினோட கோத்துவிட்டா டீசல் மிச்சம்" என்பார். சம்பா அறுத்த வயலில், அடிக்கட்டைத் தாள் காலில் குத்தக் குத்தக் கபடி ஆடிப் பழகியவள் அவள். தஞ்சாவூர்க் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வந்தபோது பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆகியிருந்தாள்.

அந்தத் தை மாதம் தென்மண்டலப் போட்டி திருவாரூரில் நடந்தது. கால் இறுதியில் ஜெயித்தால் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். விண்ணரசிக்கு அது கடைசி வருடம்.

அணி தங்குவதற்கு ஒரு பெண்கள் பள்ளியில் வகுப்பறை கொடுத்திருந்தார்கள். பனிக்காலம். சிமெண்டுத் தரை ஐஸ் மாதிரி இருந்தது. பக்கத்து அறை பூட்டாமல் கிடந்தது, உள்ளே நிறைய டெஸ்க். முதல் டெஸ்க்கை இழுத்து வந்தது விண்ணரசிதான். அப்புறம் ஆளாளுக்கு இழுத்தார்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்கள். மிச்சமிருந்தவற்றின் மேல் ஈர ஜெர்சிகளைக் காயப்போட்டார்கள். ஒவ்வொரு டெஸ்க்கிலும் சாக்பீஸால் ஏதோ எண் எழுதியிருந்தது. எல்லாருக்கும் அது கண்ணில் பட்டது. யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

காலையில் வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. விளையாட்டு ஆசிரியை பூர்ணிமா எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தப் பள்ளி ஆசிரியை மேகலா வந்தார். பக்கத்து அறையை எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா டெஸ்க்கை எடுத்தது? பத்தாவதுக்கு இன்னிக்குத் திருப்புதல் தேர்வு. நேத்து சாயங்காலம் பூரா நின்னு நம்பர் போட்டு வச்சிட்டுப் போனேன்."

அணியில் வாய் அதிகம் பிரின்ஸிக்கு. "டெஸ்க்கு இங்கதானே டீச்சர் இருக்கு. நாங்க என்ன தின்னுட்டமா?"

எல்லாரும் சிரித்தார்கள். விண்ணரசியும்தான் சிரித்தாள்.

மேகலா சத்தம் போடவில்லை. "விளையாட வர்ற பிள்ளைங்களுக்கு ரூம் விட வேணாம்னு ஹெச்.எம். அப்பவே சொன்னாங்க. பொம்பளப் பிள்ளைங்க, வேற எங்க போய்த் தங்கும்னு நான்தான் பேசி வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். மேட்ச் முடிஞ்சதும் வந்து அடுக்கித் தந்துர்றோம்" என்றார் பூர்ணிமா.

"பத்து மணிக்குப் பரீட்சைங்க."

பூர்ணிமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணிக்கு ஆட்டம். "ஏறுங்க, ஏறுங்க" என்று பிள்ளைகளை வேனில் ஏற்றினார்.

விண்ணரசி சன்னலோரம் உட்கார்ந்தாள். கால் ஆட ஆரம்பித்தது. கையால் அழுத்திப் பிடித்தாள், நிற்கவில்லை. உள்ளே மேகலா தனியாக ஒரு டெஸ்க்கை இழுப்பது தெரிந்தது. ஒரு முனையைத் தூக்கி நகர்த்துவார், சுற்றிப் போய் மறுமுனையைத் தூக்குவார்.

"மேடம், நான் இறங்குறேன்."

"என்னது?"

"நீங்க போங்க. டாஸுக்குப் பிரின்ஸி நிக்கட்டும். நான் அடுக்கிக் குடுத்துட்டுப் பின்னாலயே வந்துர்றேன்."

"அறிவிருக்கா உனக்கு? நீ இல்லாம யாரு ரைடு போறது? இந்த சர்டிஃபிகேட் இல்லாம நாளைக்கு எந்த வேலைக்குப் போவ?"

"முதல்ல இழுத்தது நான்தான் மேடம்."

"இழுத்தா என்ன? இப்ப உனக்கு எது முக்கியம்?"

விண்ணரசி வேன் கதவைத் திறந்தாள். எது முக்கியம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் இறங்கியிருக்கவே மாட்டாளோ என்னவோ. இறங்கிவிட்டாள். "அக்கா, விளையாட்டுக் காட்டாத" என்று பிரின்ஸி கத்தியது கேட்டது. வேன் போய்விட்டது.

மேகலா நிமிர்ந்து பார்த்தார். "நீ போகலயா?"

"நம்பர் எங்கேருந்து ஆரம்பிக்கும் டீச்சர்?"

இருவருமாகத் தூக்கினார்கள். "அது சன்னலோரம்", "இது கடைசி வரிசை", அவ்வளவுதான் பேச்சு. ஜெர்சி ஈரத்தில் அழிந்துபோன எண்களை விண்ணரசி மறுபடி எழுதினாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. ஒரு வரிசை முழுக்கத் தப்பாக எழுதி, துப்பட்டாவால் துடைத்து, திரும்ப எழுதினாள். இந்நேரம் டாஸ் போட்டிருப்பார்கள். இந்நேரம் முதல் ரைடு. சாக்பீஸ் இரண்டு தடவை கையிலேயே ஒடிந்தது.

கடைசி டெஸ்க்கைப் போட்டதும் வாசலுக்கு ஓடினாள். ஆட்டோ கிடைத்தது. மைதானத்துக்குள் நுழைந்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பூர்ணிமா அவள் முகத்தைப் பார்க்காமலே மாற்று ஆட்டக்காரியாக இறக்கினார்.

அன்றைக்கு விண்ணரசி ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ரைடு போன ஒவ்வொரு தடவையும் ஒருத்தியையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள். ஒரு தடவை மூன்று பேர் காலைப் பிடித்துத் தொங்க, நடுக்கோட்டைத் தொட்டாள். எதிரணி ஆல் அவுட் ஆனது. அப்படியும் நேரம் போதவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

எதிரணிக் கேப்டன் கை கொடுக்க வந்தாள். விண்ணரசி கை கொடுத்தாள், நடுவர்களுக்கும் கொடுத்தாள். அப்புறம் ஓரமாகப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வேனில் யாரும் அவளோடு பேசவில்லை. பிரின்ஸி மட்டும், "முதல் பாதி நீ இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றாள்.

"ஆமா."

"ஆமாவா? அதைச் சாதாரணமாச் சொல்ற."

விண்ணரசிக்கு எதுவும் சாதாரணமாக இல்லை.

பைகளை எடுக்கப் பள்ளிக்குப் போனபோது பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். விண்ணரசி வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் கழற்றினார்கள். பிரின்ஸிதான் கடைசி. சத்தம் வராமல் பைகளை ஆளுக்கு ஆள் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். உள்ளே விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களையும் வாழைப்பழத் தோலையும் பிரின்ஸி திரும்பப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

மேகலா வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று விண்ணரசிக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் வரவில்லை. கண்காணிப்பில் இருப்பவர் எப்படி வருவார்? சன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தார், பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சான்றிதழ் விண்ணரசிக்கு இல்லாமலே போய்விட்டது. இப்போது பொதுப் போட்டியில் காவலர் தேர்வுக்குப் படிக்கிறாள். விடியற்காலையில் புது ஆறு என்கிற கால்வாயின் கரையில் ஓடுகிறாள். இறங்கியது சரியா என்று கேட்டால் ஒருநாள் சரி என்கிறாள், ஒருநாள் வாயே திறப்பதில்லை.

இந்த வருடமும் தை மாதம் பிறந்ததும் எத்தனையோ அணிகள் பையை மாட்டிக்கொண்டு வெளியூருக்குக் கிளம்பும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படிக் கிளம்புகிற பிள்ளைகள் இருந்தால், வேன் ஏறுவதற்கு முன்னால் விண்ணரசியின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.