ஸ்டெல்லாக்கா வந்த காலைகள்

ஈர உப்பும் மீன் கவிச்சியும் கலந்த ஒரு வாசனைதான் காலை ஆறரை மணிக்கு எங்கள் மாடிப்படியில் முதலில் ஏறிவரும், அதற்குப் பிறகுதான் கூடையை இறக்கிவைக்கும் ஓசையும் "இன்னாக்கா, எழுந்துகினியா?" என்ற குரலும் கேட்கும். பெசன்ட் நகரில், கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி, முதல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஊரூர்க் குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவந்தவர் ஸ்டெல்லாக்கா.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஆடியில் பிறந்த என் தம்பி பன்னிரண்டு நாள்தான் இருந்தான். அவன் போன பிறகு அம்மா எழுந்திருப்பதையே நிறுத்திவிட்டார். அழவில்லை, யாரிடமும் கோபப்படவுமில்லை; தலை வாராமல், பசிக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லாமல், சுவரைப் பார்த்தபடி உள்ளறையில் படுத்துக் கிடந்தார். அப்பா அவரை அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்; உறவுக்காரர்களிடம் "தலைவலிக்குப் பார்க்கிறோம்" என்று சொல்லிவைத்தார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கூடவே, தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, கொஞ்சம் வெயில்பட நடந்து, வேளைக்குச் சாப்பிட்டு, யாரிடமாவது நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். இவ்வளவுதானா என்று அப்பாவுக்கு ஏமாற்றம். அந்த இவ்வளவைக்கூட எங்களால் அம்மாவைச் செய்யவைக்க முடியவில்லை.

செய்யவைத்தது ஸ்டெல்லாக்கா. அப்பாவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர், மறுநாள் கூடையைப் படியிலேயே விட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு நேராக உள்ளே போனார்.

"நீ ஒண்ணியும் பேச வேணாம். மூஞ்ச மட்டும் கழுவிக்கினு வா. வெயில் வந்துகீது."

அன்று அம்மா அசையவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மொட்டைமாடிப் படிவரை வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லாக்கா பின்னால் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த தலையைப் பொறுமையாக வாரிப் பின்னிவிட்டார். பிறகு தெருமுனைவரை நடந்தார்கள், பிறகு மணல்வரை. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போவேன். "இன்னிக்கு இன்னா பாத்த, ஒண்ணு சொல்லு" என்று தினமும் கேட்பார். பல நாள் கழித்து அம்மா சொன்ன முதல் பதில் "காக்கா". ஸ்டெல்லாக்கா சிரிக்கவில்லை. "நானுந்தான் பாத்தேன்" என்றார்.

பொங்கலன்று அம்மா தானாக எழுந்து கோலம் போட்டார். அப்பா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஸ்டெல்லாக்காவின் ஒரே மகன் அந்தோணி, படகு கவிழ்ந்து கடலில் போய்விட்டான். பத்தொன்பது வயது. ஸ்டெல்லாக்கா கூடையை எடுப்பதை நிறுத்தினார். இப்போது காலையில் குப்பத்துக்குப் போனது அம்மா. முகம் கழுவச் சொன்னார், தலை வாரிவிட்டார், நடக்கக் கூப்பிட்டார். ஸ்டெல்லாக்காவும் தட்டாமல் வந்தார். கடல் இருக்கும் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பவே மாட்டார். "இன்னிக்கு என்ன பாத்தே?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணியும் பாக்கலக்கா" என்பார். ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். "புள்ளைய வாரிக் குடுத்தவ, வேற எப்டி இருப்பா" என்று சந்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மழைக்காலம் முடிவதற்குள் அவருடைய அண்ணன் வந்து நாகப்பட்டினத்துக்கு அழைத்துப்போனார். அடுத்த வருடம், ஸ்டெல்லாக்கா சாப்பாட்டையே விட்டுவிட்டு, படுத்த படுக்கையாகவே போய்ச்சேர்ந்தார் என்று செய்தி வந்தது.

அப்பா இப்போது இல்லை. அம்மா அடையாறில் என்னோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் காலை நடையை விடவில்லை. சென்ற மாதம், நடந்து முடித்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபோது, நான் எதுவும் கேட்காமலேயே பேசினார்.

"எனக்கு வெயிலும் நடையும் மட்டும் போதலடி. டாக்டரும் பாத்தாரு, மாத்திரையும் சாப்பிட்டேன். ஸ்டெல்லாவையும் அங்க கூட்டிட்டுப் போயிருக்கணும். வழி எனக்குத் தெரியும். கூட்டிட்டுப் போகணும்னே தோணல."

நாங்கள் இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். குப்பத்துச் சந்தில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால், எந்த ஸ்டெல்லா என்கிறார்கள். காட்டுவதற்கு எங்களிடம் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அத்தனை காலைகளில் ஒருநாளும் எடுத்துவைக்க எங்களுக்குத் தோன்றியதில்லை.