நலம் விசாரித்த இயந்திரம்

போன வியாழக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு மகளின் கல்லூரிப் பேருந்து எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். என் மகள் இறங்கவில்லை. "கவிதா லேப்ல இருந்தா ஆன்ட்டி. பின்னாடி சீட்ல ஏறிட்டான்னு நெனச்சோம்" என்று ஒருத்தி சொன்னாள். அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. கவிதாவின் கைப்பேசி அணைந்திருந்தது. அவள் அப்பா வேலையாக வெளியூரில்.

கல்லூரி எண்ணை அழைத்தேன். துடைத்துவைத்த மாதிரி சுத்தமான ஒரு பெண்குரல், சேர்க்கைக்கு ஒன்று, விடுதிக்கு மூன்று, பேருந்துக்கு நான்கு என்றது. நான்கை அமுக்கினேன். புல்லாங்குழல் வாசித்தது. பிறகு, செய்திப் பெட்டி நிரம்பிவிட்டது என்று சொல்லி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. ஏழு தடவை கேட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம், அந்தப் புல்லாங்குழலுக்கு நடுவில் எனக்குக் குமரவேல் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் இப்படி ஒரு பெட்டிக்குள் இருந்தது என் குரல்தான்.

படிப்பு முடித்ததும் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் டெலிபோன் பார்க்கச் சேர்ந்தேன். வடக்கே போன டிரைவர்கள் வழியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள், "வண்டி எங்க போயிட்டிருக்குதுங்க?" என்று கேட்பார்கள். ஆபீஸ் பூட்டியபின் வரும் அழைப்புகளுக்காக, சேதி பதிந்துவைக்கும் கார்டு ஒன்றை ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் போட முதலாளி ஏற்பாடு செய்தார். அதைப் போட வந்தவர்தான் குமரவேல், ஆட்டையாம்பட்டிக்காரர். அவர் ஈயப் பற்றுவைக்கும்போது எழும் பிசின் வாசனை எங்கே வந்தாலும் இன்றும் திரும்பிப் பார்ப்பேன்.

"நாலு போர்ட்டுங்க. நாலு காதுன்னு வெச்சுக்கங்க" என்றார். "ஒரே நேரத்துல நாலு பேருதான் சேதி சொல்ல முடியும். அஞ்சாவது ஆள எங்க அனுப்பறதுன்னு நாமதான் சொல்லோணும்."

பெட்டிக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் ஒரு சாதாரண போனில் நட்சத்திரத்தையும் எண்களையும் தட்டியே சொல்லிவிடுவார். தட்டும்போது போனைப் பார்க்க மாட்டார், ஜன்னலைத்தான் பார்ப்பார்.

அறிவிப்புக்கு என் குரல். பதினோரு தடவை பேசினேன். ஒன்பது தடவை வெளியே லாரி ஹாரன், ஒரு தடவை எனக்கே சிரிப்பு. கடைசியில் ரேடியோவில் செய்தி வாசிப்பவள் மாதிரி, "அலுவலகம் மூடப்பட்டுள்ளது, தங்கள் செய்தியைக் கூறவும்" என்று முடித்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் வந்து சேதிகளைப் போட்டுக் கேட்டால், ஒன்றிலும் சேதி இல்லை. "நல்லாருக்கறீங்களா கண்ணு? நாங்க நல்லாருக்கறமுங்க. அங்க மழைங்களா?" அதற்குள் ஒரு சேதிக்கு ஒதுக்கிய அரை நிமிடம் தீர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் நலம் கேட்காமல் யாரும் விஷயத்துக்கு வருவதில்லையே! பனமரத்துப்பட்டியிலிருந்து பேசிய என் அப்பா மட்டும் வேறு மாதிரி. "ஏஞ்சாமி, நான் பேசறது காதுல உழுகுதா இல்லியா? நீ பாட்டுக்குப் பேசிட்டே போற!" ஆபீஸே கூடி நின்று கேட்டது.

"சுருக்கமாப் பேசுங்கன்னு சொல்லிரலாமா?" என்று முதலாளி கேட்டார்.

குமரவேல் தலையாட்டவில்லை. அந்தச் சேதிகளை முதலிலிருந்து ஒருமுறை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை வேறு மாதிரி பேசச் சொன்னார். "நல்லாருக்கறீங்களா?" என்று முதலில் கேட்க வேண்டும். அதன்பின் ஆறு வினாடி சும்மா இருக்க வேண்டும். அப்புறம், "நாங்களும் நல்லாருக்கறமுங்க, இப்பச் சேதியச் சொல்லுங்க." மணிச் சத்தம் அதற்கப்புறம்தான். அந்த ஆறு வினாடியில் பேசுவது எதுவும் பதிவாகாது.

"மெசினு நலம் விசாரிக்குதா?" என்று முதலாளி சிரித்தார்.

"இந்த ஊர்ல இருக்கற மெசினு விசாரிச்சுத்தானுங்க ஆகோணும்."

மறுநாளிலிருந்து சேதிகள் தெளிவாக வந்தன. எந்த ஊர், என்ன சரக்கு, எப்போது கிளம்பும், எல்லாம் அரை நிமிடத்துக்குள்.

கிளம்புமுன் இன்னொன்றும் செய்தார். மணிச் சத்தம் கேட்டும் சேதி எதுவும் சொல்லாதவர், ஐந்தாவதாக வந்தவர், பெட்டி நிரம்பியபின் வந்தவர், இவர்களுக்கெல்லாம் காவல்காரர் அறையில் மணி அடிக்கும்படி வைத்தார். எதற்கு அந்த ஆளின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும் என்று முதலாளி முகம் சுளித்தார்.

"கடைசீல ஒரு மனுசன் எடுக்கலீன்னா அது போனே இல்லீங்க" என்றார் குமரவேல், ஸ்க்ரூடிரைவரைப் பையில் செருகிக்கொண்டே.

எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. வாசற்படியில் எட்டாவது தடவையாகப் புல்லாங்குழல் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, தெரியாது. அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அந்த நாளில் டிரைவர் வீட்டு எண்கள் நாற்பதுக்கு மேல் எனக்கு மனப்பாடம். இன்று என் கணவரின் எண்ணையே பெயரைத் தட்டித்தான் எடுக்கிறேன். காவல்காரர் அறையில் அடித்த மணி எப்போது நின்றதென்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஏழே முக்காலுக்கு வாசல் கேட் சத்தம் கேட்டது. கவிதா. செருப்பெல்லாம் புழுதி. லேப் முடிய நேரமாகி, ஏறிய டவுன் பஸ் மோகனூர் தாண்டி நின்றுபோய், போனிலும் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. நான் திட்ட வாயெடுக்குமுன் அவளே முந்திக்கொண்டாள்.

"டீக்கடை அக்காகிட்ட போன் வாங்குனேம்மா. உன்ற நம்பர் எனக்கு ஞாபகம் வரல. நோட்டு அட்டையில காலேஜ் நம்பர்தான் இருந்துச்சு. அவங்ககிட்டச் சொன்னா உனக்குச் சொல்லிருவாங்கன்னு, நாலை அமுத்தி அமுத்தி நின்னுட்டிருந்தேன். யாருமே எடுக்கலம்மா."